குளிர்பெட்டியில் இருந்த குப்பி

சுரங்க முகாமில் ஷிஃப்ட் முடிந்து, ஊர் திரும்ப, கலாமா நகரத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக எல்லாரும் பையோடு நின்றபோது மேற்பார்வையாளர் தோன் அபெலார்தோ வழியை மறித்தார். கையில் இரண்டு மருந்து. பொதுக் குளிர்பெட்டியில் எடுத்தது.

ஒன்று, உடம்பு இளைக்கப் போட்டுக்கொள்ளும் பேனா ஊசி. அது லாரி ஓட்டும் நிபால்தோவுடையது என்று முகாமுக்கே தெரியும். ஒரு கையில் ஊசி, மறு கையில் கறி அடைத்த எம்பனாதா என்று அவனைக் கிண்டல் பண்ணாத ஆளில்லை.

இன்னொன்று, மூக்கில் அடித்துக்கொள்ளும் சின்னக் குப்பி. அதில் யார் பெயரும் இல்லை.

போதை மருந்துதான் என்றார் தோன் அபெலார்தோ. யாருடையது என்று தெரியாமல் பஸ் கிளம்பாது என்றும் சொல்லிவிட்டார்.

முகாம் நர்ஸான என்னை வரச் சொன்னார்கள். பார்த்ததுமே தெரிந்தது, நான் கொடுத்த மருந்து. ஆளைச் சொல்லக்கூடாது. மருந்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"போதையெல்லாம் இல்ல, தோன் அபெலார்தோ. ரெண்டுமே ஒரே இனம்தான், சின்னப் புரதத் துண்டு. வேலைதான் வேற. அது பசியை அடக்கும். இது ராத்திரி சிறுநீர் ஊறுறதைக் குறைக்கும்."

"எதுக்கு?"

"தூக்கத்துல படுக்கை நனையாம இருக்க."

சிரிப்பு கிளம்பியது. யார், யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நிபால்தோ முன்னால் வந்தான். "ரெண்டும் என்னோடதுதான். குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவனோடு ஒரே அறையில் தங்கும் யெர்கோதான் முதலில் வாயைத் திறந்தான். "அடப்பாவி, இவ்வளவு நாளா ஒரு தொட்டில் குழந்தை கூடவா படுத்திருந்தேன்?"

பெயர் ஒட்டிக்கொண்டது. தொட்டில், தொட்டில் என்று கூப்பிட்டுக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

நான் நிபால்தோவை ஓரமாக அழைத்தேன். அந்தக் குப்பியை நான் கொடுத்தது யெர்கோவுக்கு.

"உனக்குப் பேரு வெச்சதே அவன்தானே, நிபால்தோ?"

"அவன் சிரிக்கலைன்னா மாட்டிக்குவான், சிஸ்டர். என்னை எவ்வளவு கேலி பண்ணினாலும் எனக்குச் சாப்பாடு இறங்கும். அவனைப் பண்ணினா, அடுத்த ஷிஃப்டுக்கு வேலைக்கே வர மாட்டான்."