கைவலை

தீர்த்தகிரி ஞாயிறுதோறும் குடியிருப்பில் பங்கு வைக்கும் நாக்குமீன் அவன் பிடித்ததல்ல, சந்தையில் வாங்கியது என்று பதினெட்டு வீட்டிலும் சொல்லி வைத்திருந்தாள் கோமளவல்லி. அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துவிடத்தான், கடல் என்றாலே குமட்டும் அவள், மாத்திரை போட்டுக்கொண்டு, ஆளேற்றிப் போகும் மீன்பிடிப் படகில் ஒரு சீட்டு வாங்கி அவன் பக்கத்திலேயே வந்து நின்றாள். காலையிலிருந்து அவன் தூண்டிலில் பாசியைத் தவிர எதுவும் ஏறவில்லை. "என்ன தம்பி, சந்தை மூடுறதுக்குள்ள கரைக்குப் போயிடுவோமா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள். "தாராளமா போயிடலாங்கக்கா," என்று சிரித்தான் அவன்.

மூன்று மணிக்கு அவன் கோல் வில்லாக வளைந்தது. முறம் அகலத்துக்கு ஒரு நாக்குமீன் மேலே வந்தது, இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக. அத்தனை கனத்தை அப்படியே தூக்கினால் தூண்டில் நரம்பு அறுந்துவிடும். பக்கத்தில் நிற்பவர்தான் கைவலையால் அள்ளித்தர வேண்டும் என்பது படகு வழக்கம். படகுக்காரர் வலையைக் கோமளவல்லியிடம் நீட்டினார்.

"தலைப்பக்கமா வலையைக் கொடுங்கக்கா. வாலைத் தொட்டா துள்ளி ஓடிரும்," என்றான் தீர்த்தகிரி.

படகே அவளைப் பார்த்தது. "எனக்குத் தெரியாதா தம்பி," என்றபடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் குனிந்தாள். மீன் இரண்டு கண்ணாலும் அவளையே பார்த்தது. எது தலை, எது வால் என்று கோமளவல்லிக்கு நன்றாகவே தெரிந்தது.