பக்கம் புரளும் சத்தம்

மைசூரிலிருந்து சென்னை கிளம்பிய சின்ன விமானத்தை கேப்டன் பாக்கியலட்சுமி ஓட்டினாள். துணை விமானி மனோஜ்குமார் பக்கத்தில் இருந்தான். இருவருக்கும் சொந்த ஊர் கொள்ளேகால்.

விமானி அறையில் இருக்கைகளுக்குப் பின்னால் அலமாரியில் அடுக்கியிருந்த, ஆபத்து நேரத்தில் புரட்டிப் பார்க்கும் தடித்த கையேடுகளைப் போன வாரம்தான் எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் டேப்லெட்டில் இருந்தது.

சாமுண்டி மலையைத் தாண்டியதும் பின்னால் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மனோஜ் திரும்பிப் பார்த்தான். அலமாரி காலியாக இருந்தது. விமானி அறையின் கதவும் பூட்டியே இருந்தது.

"மேடம், உங்களுக்கும் கேக்குதுங்களா?"

"கேக்குதுப்பா."

பக்கங்கள் வேகமாகப் புரண்டன. யாரோ பதற்றத்தோடு எதையோ தேடுவதுபோல் இருந்தது. இரண்டு இன்ஜினும் சீராக ஓடின. திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆனாலும் பாக்கியலட்சுமி ஒவ்வொரு அளவையும் மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"மைசூருக்கே திரும்பிரலாம். டவருக்குச் சொல்லு."

"காரணம் கேப்பாங்களே, என்னன்னு சொல்றதுங்க?"

"எதையாவது சொல்லு. பின்னாடி அத்தன பேரு உக்காந்திருக்காங்க."

விமானம் திரும்பியது. தூரத்தில் ஓடுபாதை தெரிந்தபோது சத்தம் சட்டென்று அடங்கியது.

"அப்பாடா, நின்னுருச்சுங்க," என்றான் மனோஜ்.

"நிக்கலப்பா. தேடுன பக்கம் கெடச்சிருச்சாட்ட இருக்குது."

அவர்களுக்குப் பின்னால், வாசிக்கத் தொடங்கும் முன் செருமுவதுபோல, யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள்.