பதினோராம் கேள்வி

“உங்கப்பாவைக் கொன்னுடு,” என்றான் வக்கீல். “அஞ்சு நிமிஷ வேலை.”

பேட்டரி திரும்பிப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகக் கணினி அறையின் கடைசி வரிசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கான விண்ணப்பம் பதினோராம் கேள்வியில் வந்து நின்றிருந்தது: கடந்த ஓராண்டில் உங்கள் குடும்பத்தில் இழப்பு ஏதேனும் நேர்ந்ததா? ஆம் எனில் நூறு சொற்களில் விளக்கவும்.

“இதுக்கு மட்டும் தனியா பத்து மார்க்குடா. சான்றிதழ் கேக்கல, சாட்சி கேக்கல. இதை விட்டா உன்னைவிட முட்டாள் இந்த ஊர்லயே கெடையாது.”

இருவரும் கடல் தாண்டிப் படிக்க வந்தவர்கள், ஒரே அறையில் தங்குகிறவர்கள். எதற்கும் வாதாடுவதால் அவன் வக்கீல். இவன், தூக்கியெறிந்த லேப்டாப் பேட்டரிகளைப் பிரிக்காமலே உள்ளே இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று சொல்லும் கருவி ஒன்றை எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்ததால் பேட்டரி.

அறுபத்திரண்டு பேர், நான்கு இடம். கிடைத்தால் விடுமுறை முழுக்க ஆய்வுக்கூடத்திலேயே இருக்கலாம், கருவியை முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் கிடங்கில் பெட்டி ஒட்டப் போகவேண்டும். அவனுடைய மேஜை வேறு யாருக்காவது போய்விடும். மணி நாலு முப்பத்தைந்து. ஐந்துக்கு விண்ணப்பத் தளம் மூடிவிடும்.

“போன வருஷம் நான் எங்க பெரியப்பாவைப் போட்டுத் தள்ளினேன். மனுஷன் இன்னிக்கும் காலைல எந்திரிச்சு நாலு கிலோமீட்டர் ஓடறாரு. எனக்குக் கெடச்சுதா இல்லையா?”

“கெடச்சுது.”

“அப்புறம் என்ன?”

“வேண்டாம்டா.”

“நெஞ்சுவலின்னு எழுது. அதுல யாரும் நோண்ட மாட்டாங்க. ஆக்சிடெண்ட்னா எங்க, எப்படின்னு கேப்பாங்க.”

பேட்டரியின் கை மவுஸின் மேல் இருந்தது. தன் கை போலவே தெரியவில்லை அவனுக்கு. யாரோ வைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

வக்கீல் பைக்குள்ளிருந்து ரொட்டியை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். “நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி தவிர உன் தொண்டைக்குள்ள ஒண்ணும் எறங்கல. ஒரு விண்ணப்பத்துக்கே இந்தப் பாடு. நாளைக்கு உனக்குக் கல்யாணம்னா ஆஸ்பத்திரியிலதான் வெக்கணும்.”

பேட்டரி ரொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

“சரி, நேரா உங்கப்பாகிட்டயே கேளு. ‘அப்பா, பத்து வாரத்துக்கு மட்டும் செத்துப்போன மாதிரி இருங்க’ன்னு சொல்லு. புள்ளைக்காகன்னா எந்த அப்பனும் ஒத்துக்குவான்.”

“கேக்க முடியாது.”

“ஏன், ரொம்பக் கோவக்காரரா?”

“ம்.”

நாலு நாற்பத்தாறு. பேட்டரி ‘ஆம்’ என்பதைத் தொட்டான். கீழே ஒரு வெள்ளைப் பெட்டி திறந்தது. அதன் மூலையில் பூச்சியம் என்று ஓர் எண்.

“அப்படி வா வழிக்கு,” என்று வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

‘என் அப்பா’ என்று தட்டினான் பேட்டரி. மூலையில் இருந்த எண் இரண்டாக மாறியது. அதற்கு மேல் மாறவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் எதையோ அச்செடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்து முடித்துக் காகிதங்களை அடுக்கி எழுந்து போகும்வரை அந்த இரண்டு சொற்களும் அப்படியே இருந்தன.

பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தான்.

“என்னடா பண்றே?”

“வரல.”

“வரலன்னா நகரு, நான் எழுதறேன். எனக்கு இதுல ஒரு வருஷ அனுபவம் இருக்கு.”

பேட்டரி ‘இல்லை’ என்பதைத் தொட்டான். வெள்ளைப் பெட்டி மூடிக்கொண்டது. மிச்சமிருந்த இரண்டு பக்கங்களையும் வேகமாகக் கீழே தள்ளிக்கொண்டு போய், நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான்.

“வந்துட்டாருய்யா யோக்கியன்,” என்றான் வக்கீல். “சும்மா கெடந்த பத்து மார்க்கு. நாலு பேர்ல ஒருத்தனா வரவேண்டியவன். இனிமே பெட்டி ஒட்டிக்கிட்டே உண்மை பேசு.”

பேட்டரி ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’ என்ற வரியையே பார்த்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. வக்கீல் எட்டிப் பார்த்தான்; பேட்டரியின் தங்கை. அவளோடு எத்தனையோ தடவை வம்பளந்திருக்கிறான். அவனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“சொல்லும்மா, நான்தான் பேசறேன். அண்ணன் பக்கத்துல செல மாதிரி ஒக்காந்திருக்கான்.”

“விண்ணப்பம் அனுப்பியாச்சாண்ணா?” அவள் குரல் கம்மியிருந்தது. “அது முடியட்டும்னுதான் நேத்து பேசினதுக்கப்புறம் கூப்பிடல.”

“அனுப்பிட்டான், என்ன பிரயோஜனம்? உங்கண்ணனுக்குப் பிழைக்கவே தெரியலம்மா. அப்பா செத்துட்டார்னு ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன். கையில கால்ல விழாத குறையா சொன்னேன். அதெல்லாம் இல்லன்னு போட்டு அனுப்பிட்டான்.”

அந்தப் பக்கம் நிறையப் பேர் நடமாடும் சத்தமும் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் மட்டும் கேட்டன.

“ஹலோ? இருக்கியாம்மா?”

“அப்பாவ இப்பத்தான் எடுத்துட்டுப் போனாங்கண்ணா.”