லோகநாதனின் கொசுக் கட்டுரை

கிறிஸ்துதாஸ் பென்சிலை எடுத்தாலே லோகநாதன் தன் காகிதத்தைக் கையால் மூடிக்கொள்வான்.

இரண்டு பேரும் பட்டணத்தில் ஒரே காலேஜில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். தவளையை அறுத்துக் காட்டுவது, குடுவை கழுவுவது, மாணவர்களை அதட்டுவது, இதுதான் உத்தியோகம். கிறிஸ்துதாஸ் ஆவடியில் ரயில் ஏறி இடம் பிடித்து வைப்பான். லோகநாதன் அம்பத்தூரில் ஏறி அதில் உட்காருவான்.

அவர்களுடைய வெள்ளைக்காரத் துரை ஒரு நாள் சொல்லிவிட்டார். ஜூன் மாதம் ஒரு லெக்சரர் இடம் காலியாகிறது. யாருடைய ஆராய்ச்சிக் கட்டுரை பெங்களூர் சஞ்சிகைக்கு முதலில் தேறுகிறதோ, அவனுக்குத்தான் அது.

லோகநாதன் அன்றைக்கே எழுத உட்கார்ந்தான். குளத்து மீனைத் தொட்டியில் விட்டால் கொசுப்புழுவைத் தின்று தீர்க்குமா என்பதுதான் விஷயம். எழுதியதோ முப்பது பக்கம்.

"மொதல் நாலு பக்கம் இன்னாத்துக்கு மச்சான்?" என்றான், ரயிலில் அதைப் புரட்டிய கிறிஸ்துதாஸ், கையில் பென்சிலோடு.

"அது முன்னுரைடா."

"கொசு எப்போ பொறந்துச்சு, ரோமாபுரி எப்படி அழிஞ்சுது, கவர்னருக்கு எப்போ ஜுரம் வந்துச்சு, எல்லாம் கீது. மீன் எங்கே?"

"அஞ்சாவது பக்கத்துல வருது."

"அதுவரைக்கும் படிக்கிறவன் முழிச்சிகினு இருக்கணுமே!"

சர்ரென்று ஒரு கோடு. கவர்னர் ஜுரத்தோடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த நாள் ரயில் வில்லிவாக்கம் வருவதற்குள் கிறிஸ்துதாஸ் மறுபடி ஆரம்பித்தான்.

"தொட்டி எவ்ளோ ஆழம்னு எழுதலியே?"

"சாதாரணத் தொட்டிதான்டா."

"உங்க ஊட்டுத் தொட்டி உனுக்குச் சாதாரணம். பெங்களூர்ல கீறவனுக்கு? அவன் இதைப் படிச்சே அப்படியே செஞ்சு பாக்கணும்."

லோகநாதன் முணுமுணுத்துக்கொண்டே எழுதிச் சேர்த்தான்.

"மீன் புழுவை 'ஆசையோடு தின்றது'ன்னு எழுதியிருக்கியே, ஆசைன்னு மீன் உன்கிட்ட சொல்லிச்சா? பாத்ததை ஒரு எடத்துல எழுது. நீயா நெனச்சதைக் கடைசில எழுது. ரெண்டையும் கொழப்பாதே."

இப்படியே வெட்டி வெட்டி முப்பது பக்கம் ஒன்பது பக்கமாக இளைத்தது. கூடவே லோகநாதனும் இளைத்தான். ஆனாலும் படித்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை மட்டும் அவன் வெளியே சொல்லவில்லை.

"அனுப்பிடட்டுமாடா?"

"அவசரப்படாதே மச்சான். கொஞ்ச நாள் போவட்டும்."

அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதே.

"இன்னும் இன்னாடா பாக்கி? ஜூன் வந்துடும் போலிருக்கே!"

கிறிஸ்துதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து லோகநாதனுக்கு ஒரு சந்தேகம். அவனும் டெமான்ஸ்ட்ரேட்டர்தானே? அந்த இடத்தின் மேல் அவனுக்கும் ஒரு கண் இருக்காதா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக, ஆவடி பக்கத்தில் கிறிஸ்துதாஸ் குடியிருந்த சேக்காட்டுக்கே போய்விட்டான்.

கிறிஸ்துதாஸின் மனைவி ஜெயகுமாரி கதவைத் திறந்தாள். கையெல்லாம் கொசு கடித்த தடிப்பு.

"வாங்கண்ணா. அவரு பின்னால கீறாரு."

பின்கட்டுக்குப் போன லோகநாதன் அப்படியே நின்றுவிட்டான். வரிசையாகத் தொட்டிகள். கட்டுரையில் அவன் எழுதிய அதே ஆழம், அதே அகலம். சிலதில் மீன் இருந்தது, சிலதில் இல்லை. நடுவில் கிறிஸ்துதாஸ் குந்திக்கொண்டு புழு எண்ணிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! ஆழம் இன்னா, அகலம் இன்னான்னு கேட்டது இதுக்குத்தானா? என்னை அனுப்ப வேணாம்னு சொல்லிட்டு, நீ செஞ்சு உன் பேர்ல அனுப்பப் போறியா? கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேனேடா!"

சொல்லும்போதே லோகநாதனுக்கு வேலை போவதைவிட சிநேகிதம் போவது வலித்தது.

ஜெயகுமாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாண்ணா இப்படிப் பேசறீங்க? மீன் இல்லாத தொட்டில பொறக்குற கொசு பூரா எங்களைத்தான் கடிக்குது. கேட்டா, எல்லாம் லோகநாதன் வேலைன்றாரு."

"என் வேலையா?"

"ஜெயா, அண்ணனுக்கு ஒரு காபி போடும்மா" என்றான் கிறிஸ்துதாஸ்.

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஆறு தடவை செஞ்சு பாத்தோம், ஆறு தடவையும் இதேதான்னு எழுதியிருக்கியே மச்சான். உனுக்கு மீன் புடிச்சுக் குடுத்தவன் நான்தானே? ஒரு தடவைதானே கேட்டே?"

லோகநாதன் தொட்டி ஓரமாகக் குந்தி உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் அடிச்சியே. அந்த வரியை ஏன்டா உட்டுட்டே?"

"அதை அடிச்சா கட்டுரையே நிக்காது. ஒரே தடவை செஞ்சதை எவன் அச்சுல போடுவான்? அதான் மீதி அஞ்சையும் நான் செய்றேன். நாலு முடிஞ்சுது. நாலுலயும் மீன் உன் மானத்தைக் காப்பாத்திடுச்சு."

"அஞ்சாவதுல மீன் கவுத்துட்டா?"

"அப்போ அந்த வரியை அடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துதாஸ் மறுபடி தொட்டிக்குள் குனிந்தான். "கடைசித் தொட்டி புதங்கிழமை முடியுது. இன்னிக்கு அனுப்பினா நீ எழுதினது பொய் மச்சான். வியாழக்கிழமை அனுப்பு, நெஜமாயிடும்."