கைக்கு எட்டாத கியர்

செண்பகத்தோப்பு ஓடையின் நடுவே, புதைமணலில் மாந்தோப்பு முதலாளியின் புது வண்டி உட்கார்ந்திருக்கிறது. பின்சீட்டில், பாம்பு கடித்த கணவன் சின்னக்கருப்பனின் காலை மடியில் ஏந்தியிருக்கிறாள் சண்முகத்தாய். கட்டிய துண்டைத் தாண்டி வீக்கம் ஏறுகிறது. வெளியே, மலையில் பெய்த மழைநீர் கதவடிக்கு ஏறுகிறது. நான்கு சக்கரமும் இழுப்பதற்கான திருகு குமிழை டிரைவர் சௌந்தரபாண்டி திருப்புகிறார். முன்சக்கரமும் சேர்ந்துவிட்டதைக் காட்ட வேண்டிய பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுங்குகிறது. நின்று எரிய மாட்டேன் என்கிறது. பின்சக்கரங்கள் மட்டும் சுற்றி மணலை வாரி இறைக்கின்றன. பட்டாளத்தில் அவர் ஓட்டிய ஜீப்பில் இதற்கென்றே ஓர் இரும்புக் கம்பி இருந்தது. தள்ளினால் கியரின் பல்லோடு பல் சேரும் நறநறப்பு உள்ளங்கைக்கு வரும். சேராவிட்டால் இன்னும் அழுத்தித் தள்ளலாம். இதில் அந்த வேலையை அடியில் ஒரு குட்டி மோட்டார் செய்ய வேண்டும். தண்ணீருக்குள் அது என்ன செய்கிறதோ. "அண்ணே, இவியளுக்குக் கண்ணு சொருகுது." "செத்த பொறு தாயி, இந்தா மாட்டிரும்." மறுபடி திருப்புகிறார். விளக்கு மினுங்குகிறது. பழகிய இடது கை தானாகக் கீழே இறங்கிக் கம்பியைத் தேடுகிறது. ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் விரல்களை மடக்கி, பலங்கொண்ட மட்டும் முன்னால் தள்ளுகிறது.