சிவப்புச் சாயம் தெரிந்த கப்பல்

எங்கள் ஃபிரிகேட் போர்க்கப்பல் காவலுக்குப் போன சரக்குக் கப்பலின் அடிவயிற்றுச் சிவப்புச் சாயம், தண்ணீருக்கு மேல் ஓர் ஆள் உயரம் தெரிந்தது. முன்பு தோணியில் மூட்டை ஏற்றிப் பிழைத்த எங்களுக்கு, பாரம் இல்லை என்று தெரிய அது போதும்.

“ஏலே, இது வெறுங்கப்பல்லா,” என்றான் என் ஊர்க்காரன் கயித்தான்.

மேலாள் தேவசகாயத்திடம் கேட்டேன். “உள்ள முழுக்க மருந்துவே. பட்டாளம் சாகக் கிடக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கடலைப் பாரும்.”

“கண்ணை மூடிக்கிட்டு எப்படிவே பாக்க?” என்று கயித்தான் சிரித்தான்.

ஒன்பதாம் நாள் எதிரியின் நீர்மூழ்கி வந்தது. சரக்குக் கப்பலை நோக்கி வந்த டார்ப்பிடோவுக்குக் குறுக்கே எங்கள் கப்பலைத் திருப்பினார்கள். பின்தளத்தில் நின்று நீர்மூழ்கிமேல் கடலுக்குள் குண்டு உருட்டும் முறை அன்று கயித்தானுக்கு. பின்தளமே இல்லாமல் போயிற்று.

எங்கள் கப்பலைக் கட்டி இழுத்துவர, இரண்டும் துறைமுகம் சேர்ந்ததும் அந்தச் சரக்கறைக்குள் இறங்கிப் பார்த்தேன். ஒரு பெட்டிகூட இல்லை.

“மருந்து வேற வழியா போய்ச் சேந்துட்டுவே,” என்றார் தேவசகாயம். “எதிரியை இழுக்கத்தான் இது. தெரிஞ்சிருந்தா உசிரைக் குடுத்துக் காப்பாத்தியிருப்பீரா?”

கயித்தானின் தாய்க்குத் தாம் எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினார். மருந்துக் கப்பலைக் காத்து மகன் செத்தானாம். ஊர்க்காரன் சொன்னால் கிழவி நம்புவாள் என்று பேனாவை நீட்டினார்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். போட்டேன்.