அத்துமீறி வந்தவள்

"இந்தம்மா உங்க இடத்துக்குள்ள எப்படி வந்தாங்க?" பெரியவரின் மகன் வைத்த வக்கீல் கேட்டார்.

"எப்படி வந்தாளா? திமிர்ல வந்தா!" சாட்சிக் கூண்டில் நின்ற பெரியவர் கட்டையைத் தட்டினார். "காலி மனைதானேன்னு பூந்து பஞ்சர் கடை போட்டா. போடின்னேன், போகல. ஊரே பார்க்க ஷெட் போட்டா, சுவர் எழுப்பினா. பதினஞ்சு வருஷமா கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம்!"

எதிரே பஞ்சர் கடைக்காரி தலை குனிந்தாள். கிரீஸ் படிந்த விரல்கள் முந்தானையை முறுக்கின.

போன வருடம்தான் பெரியவர் சொத்து முழுவதையும் மகன் பேருக்கு எழுதி வைத்திருந்தார். மனையை வாங்க ஆள் பிடித்துவிட்ட மகன், அவளைக் காலி செய்ய வழக்குப் போட்டிருந்தான். அப்பாவின் ஆவேசம் அவனுக்கே புதிது. சபாஷ் என்பது போல் தலையாட்டினான்.

வக்கீலின் முகம்தான் வெளுத்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. பரிதாபப்பட்டு நீங்கதானே இருக்கச் சொன்னீங்க?"

"நானா? என் காலடி மண்ணைக்கூட அவளுக்குத் தரமாட்டேன்!"

வெளியே வந்ததும் மகன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "கிழிச்சுத் தோரணம் கட்டிட்டீங்கப்பா!"

"கிழிஞ்சது நம்ம கேஸ்" என்றார் வக்கீல். "அனுமதி குடுத்தேன்னு சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அனுமதியே இல்லாம, இடத்துச் சொந்தக்காரர் எதிர்த்தும், பகிரங்கமா பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ஒருத்தர் இருந்துட்டா இடம் அவங்களுக்கே போயிடும் சார்!"

மகன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஆத்திரத்துல வாய் தவறிடுச்சுப்பா. வயசாச்சில்ல..." முனகியபடியே பெரியவர் படியிறங்கினார்.

வாசலில் அவள் நின்றிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"உங்க வீட்டம்மா படுத்த படுக்கையாக் கிடந்தப்ப, 'அவளைப் பார்த்துக்க உன்னை விட்டா ஆளில்ல, இங்கேயே கடை போட்டுக்கோம்மா'ன்னு கேட் சாவியை என் கையில குடுத்தது நீங்கதானே ஐயா? அத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடியாக்கிட்டீங்களே!"

பெரியவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சாவியை நான்தான் குடுத்தேன்னு உள்ளே சொல்லியிருந்தா, இன்னைக்கே உன்னைத் தெருவுல நிறுத்தியிருப்பாங்க தாயி."